நீ சரிசெய்து கெடுத்த டிரைவ்

மகனுக்கு,

நம் வீட்டுக் கம்ப்யூட்டரை நீயே ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டு வந்ததாக உன் வருங்கால மாமனாரிடம் சொன்னாயாம். போன வாரம் இங்கே வந்திருந்தபோது அவர் அதை என்னிடம் சொல்லி, "கெட்டிக்கார மாப்பிள்ளை" என்று பூரித்துப் போனார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய் இல்லை. நம் பக்கத்தில் ரிப்பேர் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். மோட்டார் ரிப்பேர் என்றால் மோட்டார் ஓடவில்லை. மோட்டாரை ரிப்பேர் பண்ணியாச்சு என்றால் ஓடுகிறது. நீ செய்தது முதலாவது. அவர் புரிந்துகொண்டது இரண்டாவது. தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் உனக்குச் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே "ஓகேப்பா, ஓகேப்பா" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்.

அந்தக் கம்ப்யூட்டர் எண்பத்தாறில் உன் பெரிய மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அவர் பையன் விளையாடி அலுத்துப்போன சாமான். விசைப்பலகைக்குள்ளேயே அதன் மூளை, டிவிப் பெட்டியில் எழுத்து, பக்கத்தில் இரண்டு செங்கல் அளவுக்கு ஒரு டிஸ்க் டிரைவ். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒரு கோடை முழுக்கப் படித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாதவன்தான் முதலில் பதில் சொல்லியிருப்பான். நம் கண்மாய்ப் பாசன சங்கத்துக்கு நான் செயலாளர். எந்த மடை எந்த நாள் திறந்தது, எந்த வயலுக்கு எத்தனை மணி நேரம் பாய்ந்தது என்று எழுதி வைப்பது என் வேலை. அதற்கு நானே ஒரு புரோகிராம் எழுதினேன். பழைய நோட்டுகளை எல்லாம் டிஸ்க்கில் ஏற்றி முடித்ததும் நோட்டுகளை அடுப்பில் வைத்தேன். "காகிதத்தைக் கரையான் தின்னும், டிஸ்க்கை எது தின்னும்?" என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அது என் முதல் தப்பு. குறித்துக்கொள், உனக்குப் பிடிக்குமே.

ஆயுதபூஜைக்கு நீ வந்தாய். வரும்போது ஒரு டிஸ்க்கும் கொண்டுவந்தாய். இதே மாதிரிப் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஆபீஸ் நண்பன் கொடுத்தது, போட்டால் திரையில் தமிழ் எழுத்து வரும் என்றாய். போட்டோம். டிரைவ் கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. உன் டிஸ்க் கெட்டது என்றேன்.

"டிஸ்க் நல்லாருக்குப்பா. உங்க டிரைவ்லதான் அலைன்மென்ட் போயிருக்கு" என்றாய்.

"எங்கிட்ட நாப்பது டிஸ்க் இருக்கு. நாப்பதையும் படிக்கிது. நீ கொண்டாந்த ஒண்ணத்தான் படிக்கல. அப்ப எதுடா கெட்டது?"

"அது நீங்க எழுதினத மட்டும்தான்பா படிக்கும். அடுத்தவங்க எழுதினத எடுத்துக்காது. அப்படியே உங்கள மாதிரி."

அடுப்படியில் உன் அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. மறுநாள் காலையில், பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காயாத டிரைவைத் துண்டில் சுற்றி மதுரைக்கு எடுத்துப் போனாய். அங்கே உன்னோடு படித்தவன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். சாயங்காலம் திரும்பி வந்து உன் டிஸ்க்கைப் போட்டாய். திரையில் ஒரு 'அ' வந்தது. அந்த ஒற்றை 'அ'வுக்கு நீ கை தட்டினாய். நாலு வருடம் இன்ஜினியரிங் படித்தவன் 'அ'வைப் பார்த்துக் கை தட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். என் டிஸ்க்கில் ஒன்றையாவது போட்டுப் பார்த்தாயா? இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செய்த வேலையைத் திரும்பிப் பார்க்காமல் பை தூக்குகிறவனுக்குத்தான் இப்போது வெளிநாட்டிலிருந்தெல்லாம் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

நீ போன மறுமாதம் சிவகங்கை கலெக்டர் ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் அரை மட்டம். உனக்குக் கண்மாய் என்றால் குளிக்கிற இடம், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். கண்மாய் நிரம்பாத வருடத்தில் கடைமடையைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்பது நம் ஊர் முறை. கரையின் கோடியில் இருக்கும் அந்த மடையை நம்பிப் பதினோரு குடும்பம். தலைமடையை முதலில் திறந்தால் தண்ணீர் அங்குட்டே தீர்ந்துபோகும். கடைமடைக்குச் சேறுகூட வராது. நம் நிலம் நடுவில் இருக்கிறது, எப்படித் திறந்தாலும் நமக்குப் பாயும். அதனால்தான் என்னைச் செயலாளராக வைத்தார்கள். தலைமடைக்காரர் சேவுகப்பெருமாள், அப்படி ஒரு முறையே கிடையாது என்று இப்போது மனுக் கொடுத்திருக்கிறார். இதற்கு முன் கண்மாய் நிரம்பாத வருடங்களில் எந்த மடை முதலில் திறந்தது, அதற்கு ஆதாரம் என்ன என்று அதிகாரி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பஸ் ஸ்டாண்டில் சேவுகப்பெருமாள் எதிரே வந்தார்.

"ஆதாரம் வேணுமாம்ல மாப்பிள? பெட்டி நிறைய இருக்கு" என்றேன்.

"கொண்டு வாங்க மாமா. எல்லா வருசத்தையும் கொண்டு வாங்க. ஒண்ணக்கூட விட்டுட்டு வந்துறாதீக" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு டிஸ்க்கைப் போட்டேன். கடகட. அடுத்தது. கடகட. நாற்பதையும் போட்டேன். நாற்பதும் கடகட. உனக்கு போன் செய்தேன். "அப்ப உங்க டிஸ்க்கெல்லாம் பழசாகிப் போச்சுப்பா, ஃபங்கஸ் புடிச்சிருக்கும்" என்றாய். நாற்பது டிஸ்க்கும் ஒரே நாளில், நீ வந்து போன அதே நாளில், சொல்லிவைத்தாற்போல ஃபங்கஸ் பிடித்துக்கொண்டன! இதை ஒரு படித்தவன் வாயால் கேட்டேன். மதுரைக்காரனுக்கும் போன் செய்தேன். அவன் "பர்ஃபெக்ட்டா செட் பண்ணிருக்கேன் அங்கிள்" என்றான். காரைக்குடிக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டேன். குளிரூட்டிய அறை, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள், உள்ளே கோயில் மாதிரி அமைதி. டை கட்டிய வாத்தியார் டிரைவைக் கையில்கூட வாங்கவில்லை.

"ஐயா, இத எதுக்கு சொமந்துக்கிட்டு வாரீக? அங்குட்டு பழைய சாமான் கடைத் தெரு இருக்குல்ல, அதுல குடுங்க. கானாடுகாத்தான்ல இடிச்ச வீட்டுத் தூணு, கதவோட சேத்து வெள்ளைக்காரன் வாங்கிட்டுப் போயிருவான்."

"தம்பி, டிரைவ்ல படிக்கிற தலை எத்தனை தடத்துல நகருதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"அது சிலபஸ்ல இல்லைங்கய்யா."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சிலபஸில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நம்புகிறவனிடம் பேச என்ன இருக்கிறது?

உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கோளாறு பார்ப்பது எப்படி என்று. முதலில் திட்டுவதை நிறுத்த வேண்டும். எனக்கு அதற்கே இரண்டு நாள் ஆனது. பிறகு ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். நாற்பது டிஸ்க்கின் ஓரத்து வெட்டிலும் கறுப்பு டேப் ஒட்டினேன். இனி டிரைவ் அவற்றில் எதையும் எழுதிக் கெடுக்க முடியாது. படிக்கும் தலையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். கடகட நிற்கவில்லை. ஆக, அழுக்கு காரணம் இல்லை. டிரைவைக் கவிழ்த்தேன். அதன் சக்கரத்தின் அடியில் வட்டமாகக் கோடுகள் போட்டிருப்பார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடவிட்டுப் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது அந்தக் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். நின்றன. ஆக, வேகமும் சரி. புது டிஸ்க் ஒன்றை எடுத்து எழுதிப் படிக்க வைத்தேன், படித்தது. டிரைவ் நன்றாக இருக்கிறது. பழைய டிஸ்க்குகள் கெட்டிருக்க முடியாது. அப்படியென்றால் இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. இந்த இடத்தில்தான் எனக்குப் பெட்டியின் அடியில் கிடந்த ஒரு டிஸ்க் நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டரோடு கம்பெனியே கொடுத்த டிஸ்க். வந்த இரண்டாம் வருடத்திலேயே படிக்காமல் போய்விட்டது. கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டார் என்று உன் பெரிய மாமாவை ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் பேசினேன். அவர் அதற்குப் பிறகு மூன்று வருடம் நம் வீட்டுப் படி ஏறவில்லை. அந்த டிஸ்க்கைப் போட்டேன். கடகட இல்லை. சத்தமே இல்லாமல் படித்தது.

பத்து வருடமாகச் செத்துக்கிடந்த டிஸ்க் உயிரோடுதான் இருந்திருக்கிறது. அந்த இரண்டாம் வருடத்தில் டிரைவுக்குள் எறும்பு புகுந்து புற்று வைத்துவிட்டது. நான் திறந்து, தலையை நகர்த்துகிற சின்ன மோட்டாரைக் கழற்றித் துடைத்து, கண் மதிப்பில் திரும்ப மாட்டி, இரண்டு திருகாணியையும் முறுக்கினேன். ஒரு மயிரிழை கோணலாக மாட்டியிருக்கிறேன். மடைக்கணக்கை டிஸ்க்கில் ஏற்றத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து அந்தத் தலை தடத்துக்குச் சற்றுத் தள்ளியே எழுதியது, தள்ளியே படித்தது. தான் எழுதியதைத் தானே படித்துக்கொண்டு, ஊரில் உள்ள மற்ற டிஸ்க்கெல்லாம் கெட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. மதுரைக்காரன் கம்பெனி அளவுக்கே அதை நிமிர்த்திவிட்டான். அவன் செய்த வேலை சரி. நீ சொன்னதும் சரி. இதை ஒரு முறைதான் எழுதுவேன்.

இதனால் உன் பக்கம் நியாயம் வந்துவிட்டது என்று நினைக்காதே. நான் அறியாமல் கோணலாக்கினேன். நீ, பத்து வருடமாக அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் நிமிர்த்தினாய். கல்யாணமான புதிதில் உனக்கு இதே அரிப்பு வரும். அந்தப் பெண் இருபத்திரண்டு வருடம் வேறு வீட்டில் எழுதப்பட்டவள். அவள் பேசுவது உனக்குக் கடகடவென்று கேட்டால், உடனே திருப்புளியைத் தூக்காதே. உன் அம்மாவை நிமிர்த்த நான் ஏழு வருடம் முயன்றேன். அவள் நிமிரவில்லை. என்னோடு பேசுவதைத்தான் குறைத்துக்கொண்டாள். அது எனக்கு அப்போது வெற்றி மாதிரித் தெரிந்தது.

பிறகு நான் செய்தது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. சரியாக இருக்கும் டிரைவைக் கெடுக்கக் கிளம்பினேன். மூடியைக் கழற்றி, மோட்டாரின் இரண்டு திருகாணியையும் அரைச் சுற்று தளர்த்தி, மதுரைக்காரன் வைத்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். பழைய டிஸ்க் ஒன்றைப் போட்டு, மோட்டாரை இடப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு திருப்புவேன். கடகட. இன்னும் கொஞ்சம். கடகட. திருப்பித் திருப்பி, எங்கே இருந்தேன் என்றே மறந்து, மறுபடி பென்சில் கோட்டுக்கு வருவேன். "நல்லா இருக்கிறத எதுக்குங்க நோண்டுறீக?" என்று உன் அம்மா கேட்டாள். "நல்லா இருக்கதுனாலதான்" என்றேன். காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆறாம் நாள் காலை பதினோரு மணிக்கு, வலப்பக்கம் திருப்பியபோது கடகட பாதியில் நின்றது. இன்னும் ஒரு இழை. திரையில் என் மடைக்கணக்கு ஓடியது. உனக்கு ஒரு 'அ'வுக்குக் கை தட்டத் தோன்றியது. எனக்குத் திருகாணியை இறுக்கத்தான் தோன்றியது. நாற்பது டிஸ்க்கையும் காகிதத்தில் அச்செடுத்தேன். ஆமாம், காகிதத்தில். கரையான் வந்தால் வரட்டும்.

கண்மாய் நிரம்பாத வருடம் மொத்தம் நாலு. மூன்று வருடம் கடைமடை முதலில் திறந்திருக்கிறது, நாள், நேரம் எல்லாம் சுத்தமாக. நாலாவது, நீ ப்ளஸ் டூ முடித்த வருடம். தலைமடை முதலில் திறந்திருக்கிறது. பக்கத்தில் நான் அடித்த வரி: 'கடைமடையார் சம்மதத்துடன்.' சேவுகப்பெருமாள் எதற்குச் சிரித்தார் என்று அப்போது புரிந்தது.

மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். நினைக்காமல் இருந்தேன். உனக்கு மார்க் போதவில்லை. சேவுகப்பெருமாளின் மைத்துனருக்கு ஒரு கல்லூரியில் செல்வாக்கு இருந்தது. நான் போய் அவர் வீட்டில் நின்றேன். ஆடியில் உனக்கு இடம் கிடைத்தது. மார்கழியில் கண்மாய் அரை மட்டத்தில் நின்றபோது அவர் நம் வீட்டுக்கு வந்தார். மிரட்டவில்லை, பேரம் பேசவில்லை. "தம்பி நல்லாப் படிக்கிறாப்லயா மாமா?" என்று கேட்டார். காப்பி குடித்தார். எழுந்து போகும்போது, "இந்த ஒரு வருசம் தலைமடைய முதல்ல தொறந்துக்கிறோம்" என்றார். நான் சரி என்றேன். கடைமடையில் ஒருவரையும் கேட்கவில்லை. சம்மதத்துடன் என்று நானே அடித்தேன். அவர்களிடம், கூட்டத்தில் முடிவானது என்று சொன்னேன். செயலாளர் சொன்னால் நம்பினார்கள். பதினோரு குடும்பத்து நெல்லும் பால் பிடிக்காமல் கருகியது. கடைமடை இருளாயியின் மகன், உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தானே, அந்தப் பங்குனியில் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் பஸ் ஏறினான். இன்னும் அங்குட்டுத்தான் இருக்கிறான். நம் ஊர் ஆட்களுக்குக் காலத்தோடு ஓடத் தெரியாது என்று ஆயுதபூஜை அன்று நீ சொன்னாயே, அவனும் அதில் சேர்த்திதானே?

அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், கடைமடையாரே விட்டுக்கொடுத்தார்கள் என்று ஆகி, அவர்கள் முறை போய்விடும். தாளை எடுத்துவிட்டால், அந்த வருடம் எங்கே என்று சேவுகப்பெருமாள் முதல் கேள்வியே கேட்பார். தாளையும் கொடுத்து, அந்த வரி பொய், எழுதியவன் நான், காரணம் இது என்று எழுந்து சொன்னால் மட்டும்தான் அவர்களுக்குத் தண்ணீர். உன் அம்மா தாளைப் படித்துவிட்டு, "கிழிக்கப் போறீகளா, குடுக்கப் போறீகளா?" என்றாள். "குடுக்கத்தான்" என்றேன். "அப்ப அதுக்கு முன்னாடி அந்தச் சனத்துகிட்டப் போய்ச் சொல்லுங்க. ஆபீசுல வச்சு அவுக தெரிஞ்சுக்கக் கூடாது" என்றாள். பல வருடத்துக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன நீளமான பேச்சு அதுதான்.

நேற்றுக் காலை கடைமடைக்குப் போனேன். பதினோரு வீட்டு ஆட்களும் வரப்பில் நின்றார்கள். சொன்னேன். ஒருவர் காறித் துப்பினார். என்மேல் இல்லை, என் பக்கத்தில். இன்னொருவர், "நாங்க மழையையில்ல வைஞ்சுக்கிட்டு இருந்தோம்" என்றார். இருளாயி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இத இப்ப எதுக்குண்ணே சொல்றீக? நாங்க கேக்கவே இல்லையே."

"திங்கக்கிழமை சிவகங்கையில சொல்லணும். அதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியணும்."

"சபையில எந்திரிச்சுச் சொல்லுவீகளா? சேவுகப்பெருமாளு முன்னாடி? மகன் பேரு, படிப்பு, எல்லாத்தையும்?"

"சொல்லுவேன்."

"அப்ப ஒங்க மகன் ஆத்தா வயித்துல பொறந்தாலும் எங்க வயல்ல வெளஞ்சவன்தான்" என்றாள். அங்கிருந்த சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "தையில கல்யாணமாமே. வெளஞ்ச வயக்காரிக்குப் பத்திரிகை வரலையே?"

நீ அனுப்பிய பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. உன் ஆபீஸ் ஆட்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள், மதுரைக்காரன் இருக்கிறான். நான் உன்னைக் கேட்கவில்லை. அங்கேயே வரப்பில் நின்று பதினோரு குடும்பத்தையும் வாயால் அழைத்துவிட்டேன். பத்திரிகையை நாளைக்கு உன் அம்மாவும் நானும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். வருவதாகச் சொன்னவர்கள் ஒன்பது. இரண்டு வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் வராவிட்டாலும் அவர்களுக்கும் இலை போட்டிருக்க வேண்டும்.

முதல் பந்தியில் கடைமடைக்காரர்கள் உட்காருவார்கள். உன் மாமனார் வீட்டார் இரண்டாம் பந்தி. பரிமாறுவது நீ, மாப்பிள்ளை வேட்டியோடு. இது என்ன முறை என்று அந்த வீட்டார் கேட்பார்கள். சிவகங்கையில் நான் என் பங்கைச் சொல்லி முடித்திருப்பேன். மண்டபத்தில் சொல்ல வேண்டியது உன் பங்கு. "ஓகேப்பா" என்று சொல்லி அங்கே தப்பிக்க முடியாது.

அப்பா